பெட்டிக்குள் போகிற பெயர்கள்

“லிஸ்ட்டுல பேரு இல்லாம செத்துப்போனவங்களை சாமிக்கு எப்படிம்மா தெரியும்?”

ஜூலியட் இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. கடையில் பிரிண்டர் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு ஏறி நின்றுகொண்டு, சூடாக வெளியே வரும் தாள்களை ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். “பேப்பர் சிக்கப் போவுது, அதப் பாரு” என்று மட்டும் அம்மா ரோஸ்லின் சொன்னாள். ஜூலியட் இப்போது தஞ்சாவூரில் நர்சிங் படிக்கிறாள். கேட்டதையே மறந்திருப்பாள். ரோஸ்லினுக்குத்தான் ஒவ்வொரு ஐப்பசியிலும் மழை பிடித்ததும் அந்தக் கேள்வி ஞாபகத்துக்கு வந்துவிடும். வந்தால் லேசில் போகாது.

கடை நீடாமங்கலம் ரயில்வே கேட்டை ஒட்டி, ஒரு உரக்கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் இருந்தது. ‘அன்னை கம்ப்யூட்டர்ஸ்’ என்று பெயர். கேட் மூடினால் ஊரே திட்டும். ரோஸ்லின் மட்டும் திட்டமாட்டாள். ரயிலுக்கு இன்ஜினைத் திருப்பிப் பூட்டுகிறார்கள் என்று வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போதுதான், ‘சும்மா நிக்கிற நேரத்துக்கு ஒரு சிட்டா எடுத்துக்குவோம்’ என்று ஆட்கள் கடைக்குள் நுழைவார்கள்.

அந்த லிஸ்ட், பங்குக் கோயிலின் இறந்தவர் பட்டியல். நவம்பர், மோட்சத்துக்குக் காத்து உத்தரிக்கிற ஆன்மாக்களின் மாதம். ஒவ்வொரு குடும்பமும் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயரை, கோயில் காரியங்களைப் பார்க்கிற உபதேசியாரிடம் எழுதிக் கொடுக்கும். ரோஸ்லின் அதைத் தட்டச்சு செய்து அச்சடித்துத் தருவாள். தாள்களை ஒரு மரப்பெட்டியில் வைத்துப் பூட்டி, கல்லறைத் திருநாளுக்கு முந்தின மாலைப் பூசையில் பீடத்துக்கு அடியில் வைப்பார்கள். மாதம் முழுக்க நடக்கிற பூசையெல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருப்பவர்களுக்காக. யாரும் திறந்து வாசிப்பதில்லை. மாதக் கடைசியில் கல்லறைத் தோட்டத்தில் வைத்துத் தாள்களை எரித்துவிடுவார்கள். அடுத்த வருடம் ரோஸ்லின் அதே ஃபைலைத் திறந்து, புதிதாக இறந்தவர்களைச் சேர்த்து, மறுபடி அச்சடிப்பாள். பதினெட்டு வருடமாக இப்படித்தான். பெயர் கொடுத்த குடும்பங்களில் பாதி இப்போது ஊரில் இல்லை. திருப்பூர் போனவர்கள், குவைத் போனவர்கள், போன இடமே தெரியாதவர்கள். அவர்கள் வீட்டில் இறந்தவர்கள் மட்டும் ரோஸ்லினின் ஃபைலில் ஆயிரத்து முந்நூறு பேருக்கு நடுவில் இருந்தார்கள்.

இந்த வருடம் அந்த ஃபைலுக்குத்தான் ஆபத்து வந்தது.

கடையில் நான்கு கம்ப்யூட்டர்கள். எல்லாம் வயதானவை. அக்டோபர் நடுவோடு அவற்றில் இருந்த விண்டோசுக்கு இனிமேல் பாதுகாப்பு வராது என்று திரையிலேயே எழுத்து வந்துகொண்டிருந்தது. புது விண்டோஸ் போடலாம் என்றால் அந்தப் பெட்டிகள் ஏற்றுக்கொள்ளாதாம். நான்கையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டும். ரோஸ்லினின் கணவன் மிக்கேல்ராஜ் அறுவடை மெஷின் ஓட்டுபவன். மழை இறங்கியதும் மெஷின் ஷெட்டில், ஆள் வீட்டில். புதிது வாங்குகிற பேச்சுக்கே இடமில்லை.

அப்போதுதான் சுஹைப் வந்தான். பொதக்குடிப் பையன், சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்ப்பவன். தங்கை கல்யாணப் பத்திரிகையை அச்சடிக்க வந்தவன், திரையில் வந்த எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு நின்றான்.

“அக்கா, இதைத் தூக்கிப் போட வேணாம். லினக்ஸ் போட்டுத் தர்றேன். இந்தப் பொட்டிங்க இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்.”

“அது எவ்வளவு தம்பி?”

“ஓசிதான்.”

“ஓசின்னா உள்ள எதாவது வச்சிருப்பானே.”

“ஒண்ணும் வச்சிருக்க மாட்டான்க்கா. என்ன வச்சிருக்கான்னு யார் வேணா தொறந்து பாக்கலாம். உலகம் பூரா ஆயிரக்கணக்கான பேரு சேந்து செஞ்சது. செஞ்சவன் ஓசில குடுத்திருக்கான், அதைப் போட்டு வுடுறதுக்கு நான் எப்படிக் காசு வாங்குறது?”

ஒரு வாரம் சாயங்காலங்களில் வந்து நான்கையும் மாற்றினான். முதல் பெட்டியைக் கழற்றியபோது உள்ளேயிருந்து வைக்கோல் துணுக்குகள் விழுந்தன.

“என்னக்கா இது, கம்ப்யூட்டருக்கு வைக்கல் போட்டு வளத்தீங்களா?”

ரோஸ்லின் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. அந்த வைக்கோல் கஜா புயல் வருடத்தது. அதை எடுத்துக் குப்பையில் போட மனம் வராமல் மேசை இழுப்பறையில் போட்டு வைத்தாள்.

மாற்றுவதற்கு முன்னால் சுஹைப் கேட்கத்தான் செய்தான். “ஃபைல் எல்லாம் காப்பி எடுத்துட்டேன். வேற எதாவது எடுத்து வைக்கணுமாக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.” “ஒண்ணும் இல்ல தம்பி” என்று சொன்னது ரோஸ்லின்தான்.

வேலை முடிந்த பிறகு கம்ப்யூட்டர்கள் நிஜமாகவே வேகமாக ஓடின. ஆதாரை வைத்துப் பணம் எடுக்க வருகிறவர்களுக்கான கைரேகைக் கருவியை அவள் ஏற்கெனவே போனில்தான் மாட்டிக்கொண்டிருந்தாள், அதற்கும் குறைவில்லை. தட்டச்சுக்கூடத்தில் படித்த பழைய விசை முறையிலேயே தமிழ் அடிக்கிற மாதிரியும் சுஹைப் செய்து கொடுத்திருந்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், உபதேசியார் கிளாட்சன் புதுப் பெயர்கள் எழுதிய காகிதத்தைக் குடைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். இந்த வருடம் இருபத்துமூன்று பேர். ரோஸ்லின் ஃபைலைத் திறந்தாள்.

தமிழ் ஒரு எழுத்துகூட இல்லை. பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துகள், பெரிதும் சிறிதுமாக. நடுநடுவே அரைப்புள்ளிகள், அடைப்புக்குறிகள்.

“என்னாம்மா இது, இங்கிலீஷ்ல போட்டுட்ட?” என்றார் கிளாட்சன்.

ரோஸ்லின் மூடித் திறந்தாள். இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்தாள். எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. பட்டியல் முழுக்க ‘சரசா’ ஃபான்ட்டில் அடித்தது. தஞ்சாவூரில் டி.டி.பி. வைத்திருந்த சாம்பசிவம் என்பவர் தானே உருவாக்கி, மனைவி பெயரை வைத்து, ஒரு சிடியில் போட்டுக் கொடுத்த எழுத்துரு. அது முதல் கம்ப்யூட்டரில், விண்டோசுக்கு உள்ளே இருந்தது. அதையும் எடுத்து வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. எழுத்து என்பது ஃபைலிலேயே இருக்கிறது என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தாள். அந்த சிடி புயலில் போயிற்று. சாம்பசிவத்தின் எண்ணுக்குப் போட்டுப் பார்த்தாள். உபயோகத்தில் இல்லை.

“உபதேசியாரே, பழைய பிரிண்ட்டு ஒண்ணு கூடவா இல்ல?”

“அதான் வருசா வருசம் எரிச்சுப்புடுறோமே.” கிளாட்சன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “சரி விடும்மா. இதையே பிரிண்ட் போடு.”

“இதையேவா?”

“யாரு தொறந்து பாக்கப் போறா? பூட்டித்தானே வைக்கிறோம். ஆண்டவருக்கு என்னா ஃபான்ட் பிரச்னையா? அவருக்குத் தெரியாத எழுத்தா?”

உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மிக்கேல்ராஜ் சத்தமாகச் சிரித்தான். “சரியாச் சொன்னீங்க உபதேசியாரே. மோட்சத்துல எல்லா ஃபான்ட்டும் ஏத்தி வச்சிருப்பாங்க.”

ரோஸ்லினுக்குச் சிரிப்பு வரவில்லை. உபதேசியார் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. கடவுளுக்குப் பட்டியல் எதற்கு? ஆனால் அப்படியென்றால் பதினெட்டு வருடமாக எதற்கு அடித்தோம்? வெள்ளைத் தாளையே வைத்துப் பூட்டியிருக்கலாமே? ஜனங்கள் அந்தப் பெட்டியைப் பார்த்து முழங்கால் போடும்போது, உள்ளே தன் அப்பாவின் பெயர் இருக்கிறது என்றுதானே போடுகிறார்கள்? அவர்கள் கேட்கப் போவதில்லை. கேட்காதவர்களை ஏமாற்றுவதுதான் அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது.

“நாளைக்கு சாயங்காலப் பூசைக்குள்ள தர்றேன்” என்றாள்.

“எப்படித் தருவ?”

“தெரியல உபதேசியாரே. தர்றேன்.”

அவர் போன பிறகு மிக்கேல்ராஜ் கேட்டான். “அந்தப் பையனுக்கு ஒரு போன் போடேன். அவன்தானே மாத்துனான்?”

“நாளன்னைக்கு அவன் தங்கச்சி நிக்காஹ். கல்யாண வீட்டுல நின்னுக்கிட்டிருக்குற பையன்கிட்ட, ‘தம்பி, எங்க செத்தவங்களை எல்லாம் நீ அழிச்சுட்ட’ன்னு சொல்லச் சொல்றீங்களா?”

“அப்படி ஏன் சொல்ற? பக்குவமாச் சொல்லு.”

“பக்குவமாச் சொன்னாலும் அதான் அர்த்தம்.”

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. பெரிய மழை இல்லை, விடாத மழை. கேட்டுக்கு அந்தப் பக்கம், ரோட்டு ஓரத்தில் கொட்டி வைத்திருந்த குறுவை நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடி, மேலே செங்கல் வைத்திருந்தார்கள். பாய்க்கு அடியிலிருந்து புளித்த வாடை கடை வரைக்கும் வந்தது. ரோஸ்லின் எட்டு மணிக்கே கடையைத் திறந்துவிட்டாள். திறந்து என்ன செய்வது என்று தெரியவில்லை. பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தாள். இந்த எழுத்து அதிகம் வருகிறது, அது ‘அ’வாக இருக்குமோ என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தாள். தலை வலித்தது. டீக்கடைக்குப் போனாள், டீயைச் சொல்லிவிட்டுக் குடிக்காமல் திரும்பி வந்தாள். மாதா படத்துக்கு முன்னால் நின்றாள். அங்கேயும் நிற்க முடியவில்லை.

ஒன்பதரைக்கு ரிஷியூர் கண்ணுசாமி வந்தார். இரண்டு ஏக்கர் குத்தகைக்காரர். சம்பாப் பயிருக்கு இன்சூரன்ஸ் போட அடங்கல், ஆதார், பாஸ்புக் எல்லாவற்றையும் உரச்சாக்கு உறையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

“என்னாம்மா, மொகமே சரியில்ல? நெல்லு நனைஞ்சது என்னுது, நீ ஏன் வாடிப் போயிருக்க?”

“ஒண்ணுமில்ல அண்ணே. கொள்முதல்ல நெல்லு எடுத்துட்டாங்களா?”

“எடுத்தாங்க, எடுத்தாங்க. ஈரப்பதம் பாக்குற மெஷின உள்ள வுட்டு எடுத்து, அது காட்டுன நம்பரப் பாத்துட்டு, ‘பெரியவரே, இது நெல்லா நாத்தங்காலா’ன்னு கேக்குறான். மொளச்சுப் போச்சும்மா. பாயத் தூக்குனா பச்சப் பசேல்னு இருக்கு.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். “அதான், இந்தத் தடவ சம்பாவுக்காவது முன்கூட்டியே இன்சூரன்ஸ் போட்டுருவோம்னு வந்தேன். பேரு தமிழ்ல கேக்குறாங்களாம்ல? சரியா அடிம்மா. போன தடவ எவனோ ஒருத்தன் என்னைய கண்ணுசாமின்னு போடாம கண்ணம்மான்னு போட்டுப்புட்டான்.”

ரோஸ்லின் அடங்கலை இடது பக்கம் வைத்துக்கொண்டு, காகிதத்தைப் பார்த்தபடியே அடித்தாள். தட்டச்சுக்கூடத்தில் படித்தவர்கள் விசைப்பலகையையும் பார்ப்பதில்லை, திரையையும் பார்ப்பதில்லை. பெயர், தகப்பனார் பெயர், ஊர். அடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

திரையில் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்.

“அட, தமிழுக்கு மாத்தாம அடிச்சுட்டேன் அண்ணே” என்று அழிக்கப் போனாள். எல்லாத் தட்டச்சுக்காரர்களும் தினம் நாலு தடவை செய்கிற தப்புதான். கை அப்படியே நின்றது.

பக்கத்துக் கம்ப்யூட்டரில் பட்டியல் திறந்து கிடந்தது. அதே ஆங்கில எழுத்துகள். அதே அரைப்புள்ளிகள். இங்கே கண்ணுசாமி, அங்கே வேறு யாரோ.

“ஏங்க! இங்க வாங்க!”

“என்னா, மெஷினுக்குள்ள எலியா?” என்று உள்ளே உட்கார்ந்திருந்த மிக்கேல்ராஜ் எழுந்து வந்தான்.

“இதப் பாருங்க. நான் அமுக்குன கட்டை எது எதுவோ, அதத்தான் அப்பிடியே காட்டுது. சரசா ஃபான்ட்டும் நம்ம டைப்ரைட்டர் கட்டைக்குத்தானே செஞ்சது? அந்தப் பேரெல்லாம் எங்கயும் போகலைங்க. நான் எந்தக் கட்டையை அமுக்குனேனோ அது வரிசையா அங்கயே இருக்கு.”

“அப்பிடின்னா படிச்சிருவியா?”

ரோஸ்லின் முதல் வரியைப் பார்த்தாள். படிக்க முடியவில்லை. கண்ணுக்கு அது வெறும் குப்பைதான். கண்ணை அந்த எழுத்துகளின் மேலேயே வைத்துக்கொண்டு, தமிழுக்கு மாற்றிவிட்டு, விரல்களை ‘யளனக’ வரிசையில் வைத்தாள். முதல் நாள் தட்டச்சுக்கூடத்தில் சொல்லிக் கொடுத்த இடம். எழுத்தைப் பார்த்தபடி விசைகளை அமுக்கினாள். என்ன பெயர் என்று அவளுக்கே தெரியாது. அடித்து முடித்து இந்தப் பக்கம் திரும்பினாள்.

‘அருளப்பன். த/பெ. சூசை.’

“வெண்ணாத்துல போன அருளப்பன்டி!” என்றான் மிக்கேல்ராஜ்.

கண்ணுசாமிக்கு விஷயம் அரைகுறையாகத்தான் புரிந்தது. பெட்டிக்குள் வைக்கிற செத்தவர்கள் லிஸ்ட், சாயங்காலத்துக்குள் முடிய வேண்டும் என்பது மட்டும் புரிந்தது.

“மொத்தம் எத்தனை பேரு?”

“ஆயிரத்து முந்நூத்துச் சொச்சம் அண்ணே.”

“அடேயப்பா. அப்ப என் வேலைய அப்பறம் பாத்துக்கலாம். எனக்குப் பதினஞ்சாம் தேதி வரைக்கும் டயம் இருக்கு. அவங்களுக்குத்தான் இன்னிக்கு.”

“இல்லண்ணே, இவ்வளவு தூரம் நனைஞ்சு வந்துட்டீங்க.”

“நனைஞ்ச நெல்லையே பாத்துட்டேன், நான் நனைஞ்சா என்னா?” அவர் போகவும் இல்லை. வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கேட் மூடும்போதெல்லாம் வருகிற ஆட்களிடம், “அவசரமா? சிட்டாவா? திங்கக்கெழம வாங்கப்பா, உள்ள பெரிய வேலை ஓடுது” என்று தானே கடைக்காரர் மாதிரி திருப்பி அனுப்பினார். ஒரு பெண், தன் பிள்ளையின் சாதிச் சான்றிதழுக்கு இன்றுதான் கடைசி நாள் என்று அழுதபோது மட்டும் உள்ளே விட்டார். ரோஸ்லின் அதை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் மறுபடி பெயர்களுக்குத் திரும்பினாள்.

விரல்கள் ஓடின. வேகமாகப் போனால் தப்பு வந்தது, மெதுவாகப் போனால் நேரம் போயிற்று. மின்சாரம் இரண்டு தடவை போனது. இரண்டு தடவையும் அவள் “மாதாவே” என்றாள், இரண்டு தடவையும் யுபிஎஸ் தாங்கியது. ஒவ்வொரு பெயரும் விரலுக்கு முதலில் தெரிந்து, பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. தனக்குப் பாவாடை தைத்துக் கொடுத்த செசிலியா. பேராவூரணிக்குத் தேங்காய் ஏற்றப் போய் லாரியோடு கவிழ்ந்த இரண்டு சகோதரர்கள், அடுத்தடுத்த வரியில். பெயர் வைப்பதற்கு முன்னால் போய்விட்டதால் ‘மரியநாதன் குழந்தை’ என்று மட்டும் இருந்த ஒரு வரி. அந்த வரியை எந்த வருடம் அடித்தோம் என்று யோசித்தாள். அன்றைக்கு மரியநாதன் இதே இடத்தில் நின்றுகொண்டு, “பேரு இல்லாட்டி சேக்கக்கூடாதா?” என்று கேட்டது ஞாபகம் வந்தது.

பன்னிரண்டு மணிக்குக் கிளாட்சன் வந்தார். எப்படி ஆயிற்று என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தார். திரையில் தமிழைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

“நேத்திக்கு நான் சொன்னத மனசுல வச்சுக்காதம்மா.”

“நீங்க சொன்னதுல தப்பில்ல உபதேசியாரே.”

“தப்பில்லதான். சோம்பேறித்தனம்.” அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். “இது சூசைமேரி இல்ல, சூசையம்மா. மேலத்தெரு. அவ சாவுற நேரத்துல நான்தான் அவஸ்தைப்பூசுதலுக்குச் சாமியார அழைச்சுக்கிட்டுப் போனேன். ஆமா, இது யாரு, இந்தோணி?”

“அந்தோணி. அ-வுக்கு பதிலா இ அமுக்கிட்டேன்.”

“பாவம், செத்தும் அவன் பேரு சரியா வரல. உசுரோட இருக்குறப்பயும் ரேஷன் கார்டுல தப்பாத்தான் இருந்துச்சு.”

மதியம் மிக்கேல்ராஜ் வீட்டுக்குப் போய், மொச்சைக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்பும் சோறும் தூக்கில் கொண்டுவந்தான். அவனே வைத்தது. உப்பு ஒரு கை அதிகம். கண்ணுசாமி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். ரோஸ்லின் கையால் தொட்டால் விசைப்பலகையில் கருவாட்டு வாடை ஒட்டிவிடும் என்று மிக்கேல்ராஜ் நாலு உருண்டையை அவள் வாயில் ஊட்டிவிட்டான். உபதேசியார் மழையைப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டரைக்கு போன் அடித்தது. சுஹைப்.

“அக்கா, கல்யாண வேலையில உங்ககிட்ட கேக்கவே முடியல. எல்லாம் ஒழுங்கா ஓடுதா? எதாவது காணாமப் போயிருக்கா?”

அவன் பின்னால் பாத்திரச் சத்தமும் சிரிப்பும் கேட்டன. ரோஸ்லின் திரையைப் பார்த்தாள். இன்னும் நானூறு பேருக்கு மேல் இருந்தார்கள்.

“ஜம்முனு ஓடுது தம்பி. வேகம்னா வேகம், அப்படி ஒரு வேகம். நீ கல்யாணத்தப் பாரு.”

“நாளைக்கு நீங்களும் அண்ணனும் கண்டிப்பா வரணும்.”

“கோயில் முடிச்சிட்டு வந்துருவோம். பிரியாணிய எங்களுக்கு எடுத்து வை.”

போனை வைத்ததும் மிக்கேல்ராஜ் சொன்னான். “இதையும் பாவசங்கீர்த்தனத்துல சொல்லணும் நீ.”

“சொல்லிக்கிறேன். வேகமா ஓடுதுங்குறது உண்மைதானே?”

நாலேகாலுக்குக் கிளாட்சன் எழுந்தார். பெட்டியைத் துடைத்துப் பூட்டுக்கு எண்ணெய் விட வேண்டும், மணி அடிக்க வேண்டும். “அஞ்சரைக்குப் பூசை. அதுக்கு முன்னாடி வந்துரும்மா” என்று குடையை விரித்தார். கண்ணுசாமியும் கடைசிப் பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் போகவேண்டும் என்று எழுந்தார். திங்கட்கிழமை முதல் வேலையாக அவருடையதை முடித்துத் தருவதாக ரோஸ்லின் சொன்னாள். “பேரு கண்ணம்மான்னு மட்டும் போட்டுறாத” என்று சொல்லிக்கொண்டே மழைக்குள் இறங்கினார். இருபத்துமூன்று புதுப் பெயர்களையும் அடித்து முடித்தபோது மணி ஐந்து ஆக எட்டு நிமிடம். மிக்கேல்ராஜ் தாள்களைச் சுற்ற ஒரு பாலிதீன் பை வாங்கிவரவும், ஸ்கூட்டரை எடுத்துவரவும் போனான். கேட் மூடியிருந்தது. அவன் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டான்.

கடையில் யாரும் இல்லை. வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் ரோஸ்லினால் ‘பிரிண்ட்’ கொடுக்க முடியவில்லை. நாள் முழுக்க எந்தப் பெயரைத் தேடிக்கொண்டு விரல்கள் ஓடினவோ, அந்தப் பெயர் வரவில்லை. வராது என்று அவளுக்குத் தெரியும். அதை அவள் அடித்ததே இல்லை.

கஜா புயல் அடித்து ஓய்ந்த காலையில், கடையின் கூரைத் தகடு போய், உள்ளே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மிக்கேல்ராஜ் அப்போது மெஷினோடு ஆந்திராவில் இருந்தான். ரோஸ்லின் நடுரோட்டில் நின்று அழுதுகொண்டிருந்தாள். ரயில்வே பார்சலிலிருந்து கடைகளுக்குச் சாமான் இழுக்கிற குஞ்சிதபாதம், தட்டு வண்டியோடு வந்தார். தன் குடிசையும் போயிற்று என்று சொல்லவே இல்லை. எங்கிருந்தோ வைக்கோலை அள்ளி வந்து வண்டியில் பரப்பி, கம்ப்யூட்டர்களை அதன்மேல் வைத்து, வைக்கோலாலேயே மூடி, தன் சாக்கையும் போர்த்தி, விழுந்து கிடந்த மரங்களைச் சுற்றிச் சுற்றி மூன்று நடை இழுத்துக் கோயிலில் சேர்த்தார். கூலி கொடுத்தபோது வாங்கவில்லை. பீடத்துக்கு அடியில் இருந்த பெட்டியைப் பார்த்துவிட்டு, “அதுக்குள்ள என்னாம்மா?” என்று கேட்டார். சொன்னாள்.

“நல்லாருக்கே இது. எனக்குப் புள்ளையா குட்டியா. நான் போனா எம்பேரயும் அதுல ஒரு ஓரமாப் போட்டு வைம்மா. மழைக்கு ஒதுங்குறதுக்கு எந்த வூட்டுத் தாவாரமா இருந்தா என்னா?”

“சரிண்ணே” என்று சொன்னாள் ரோஸ்லின். சொன்னதை அவர் விளையாட்டாக எடுத்துக்கொண்டாரா என்று தெரியாது. அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை.

கொரோனா இரண்டாம் அலையில் அவர் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போனார், திரும்பவில்லை. எங்கே எரித்தார்கள் என்று கேட்டுப் போக ஆளில்லை. அந்த நவம்பரில் அவள் பெயரை அடிக்கப் போனாள். பக்கத்தில் உபதேசியார் உட்கார்ந்திருந்தார். பெயருக்கு எதிரே அன்பியம் என்று ஒரு கட்டம் இருந்தது, எந்தத் தெருக் குடும்பம், எந்த வீடு என்று எழுதுகிற கட்டம். அதில் என்ன போடுவது? நம்ம பங்கு இல்லையே, நம்ம வேதமே இல்லையே என்று யாராவது கேட்டால்? கை நின்றுவிட்டது. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நாலு நவம்பர் அப்படியே போயிற்று. ஜூலியட் கேட்ட கேள்வி அந்த நாலு வருடமும் அவளை நிற்கவிடவில்லை, உட்காரவிடவில்லை. இந்த நாலு பெட்டிகளும் இன்னும் ஓடுகின்றன என்றால், யார் யாரோ ஊர் தெரியாதவர்கள் செய்து வைத்ததும், சுஹைப் மெனக்கெட்டதும் மட்டும் காரணம் இல்லை. அவற்றை ஒருவர் வைக்கோலில் வைத்து இழுத்திருக்கிறார்.

ரயில் வரும் சத்தம் கேட்டது. கேட் இன்னும் மூடித்தான் இருந்தது.

ரோஸ்லின் பட்டியலின் கடைசிக்குப் போகவில்லை. நடுவில், புனித அந்தோணியார் அன்பியத்தில், தன் வீட்டுக் கட்டத்துக்குப் போனாள். மாமனார் சவரிமுத்து. மாமியார் ஞானசௌந்தரி. அவளுடைய அண்ணன் இளவழகன். அதற்குக் கீழே ஒரு வரியைத் திறந்தாள். விரல்களை இடத்தில் வைத்தாள். இந்தப் பெயருக்குப் பார்த்து அடிக்க எதுவும் திரையில் இல்லை. ஒவ்வொரு விசையாக அமுக்கினாள்.

குஞ்சிதபாதம்.

எதிரே இருந்த கட்டத்தில் அன்பியத்தின் பெயரையும், தங்கள் வீட்டு எண்ணையும் போட்டாள். உறவு என்று இருந்த இடத்தில் ‘அண்ணன்’ என்று அடித்தாள். சேமித்தாள். பிரிண்ட் கொடுத்தாள்.

தாள்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சூடாக வந்தன. அவற்றை அவளே வாங்கி அடுக்கினாள். அந்தத் தாள் வந்தபோது நிறுத்திப் பார்க்கவில்லை, மற்றவற்றோடு சேர்த்து வைத்தாள். இழுப்பறையைத் திறந்து, நூல்கண்டை எடுத்து, குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி முடிச்சுப் போட்டாள். வைக்கோல் துணுக்கு ஒன்று விரலில் ஒட்டி வந்திருந்தது. அதை முடிச்சுக்கு அடியில் செருகினாள். கேட் திறந்தது. மிக்கேல்ராஜின் ஸ்கூட்டர் சத்தம் கேட்பதற்குள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, முந்தானையால் தாள்களை மூடிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.